அடிபட்ட பிள்ளையும் ஆசிரியர் கடமையும்

பிள்ளைகளை அடித்து வளர்ப்பது பெற்றோரின் உரிமை என்னும் எண்ணம் நம் மக்களிடையே நெடுங்காலமாக ஊறிப்போன ஒன்றாகும். 'அடியாத மாடு படியாது' என்றும், 'அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவார்' என்றும் பழமொழிகள் வழங்கி வருகின்றன. இவற்றைச் சொல்லாத தந்தையரும் சிலரே. கேட்டு வளராத பிள்ளைகளும் சிலரே. ஆயின், இப்பழமொழிகளின் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, தோல் கிழியவும் எலும்பு முறியவும் பிள்ளைகளை அடிக்கும் கொடுமையும் உடன் நடந்து வருகின்றது. அதனைத் தடுக்க வேண்டியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் ஆசிரியர். ஏனெனில், பெற்றோரை விட்டால் ஒரு பிள்ளையை நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அருகிலிருந்து காண்பவர் அவரே. ஆதலின், உடல்வதை என்பது யாது, அதன் அடையாளங்கள் எவை, விளைவுகள் எவை, அடையாளம் கண்ட ஆசிரியர் செய்யத்தக்கது யாது என்னும் நான்கினையும் ஈண்டு முறையே நோக்குவோம்.

மூன்று சொற்கள்

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். கண்டித்தல் வேறு, தண்டித்தல் வேறு, வதைத்தல் வேறு. பிள்ளை செய்த பிழையை அதற்கு எடுத்துக் காட்டி, இனிச் செய்யாதே என உறுதியாகச் சொல்லுதல் கண்டித்தலாம். பிழைக்கு ஈடாக ஏதேனும் ஒன்றை இழக்கச் செய்தலோ வருந்தச் செய்தலோ தண்டித்தலாம். பிள்ளையின் உடலுக்குக் காயம் விளையுமாறு வன்மையைச் செலுத்துதல் வதைத்தலாம். முதலாவது பிள்ளையை நோக்கியது. மூன்றாவதோ பெரும்பாலும் அடிப்பவரின் சினத்தை நோக்கியது. இடையில் நிற்கும் தண்டனை எப்பக்கம் சாயும் என்பது கையிலுள்ள ரோத்தானைப் பொறுத்ததன்று. அதனைப் பிடித்தவரின் மனநிலையைப் பொறுத்ததாகும்.

நம் நாட்டுச் சட்டம் இவ்வரையறையை ஐயத்திற்கு இடமின்றி வகுத்துள்ளது. 2001 ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, தற்செயலாக அன்றி வன்மையாலோ வேறொரு பொருளாலோ பிள்ளையின் உடலில் கண்ணுக்குப் புலப்படும் குறிப்பிடத்தக்க காயம் ஏற்படுமாயின், அப்பிள்ளை உடற்காயம் அடைந்த பிள்ளையே என்கிறது. கீறல், கன்றல், வடு, எலும்பு முறிவு, மூட்டுப் பிசகு, இரத்தப் போக்கு, தீப்புண், வெந்நீர்ப் புண் ஆகியவற்றோடு, நினைவு தவறுதலையும் முடியும் பல்லும் இழத்தலையும் அப்பிரிவு எடுத்துக் கூறுகின்றது. 'வளர்ப்பதற்காகத்தானே அடித்தேன்' என்னும் சொல்லுக்கு அவ்வரையறையில் இடமில்லை.

உலகம் கண்டறிந்த வரலாறு

குழந்தைகள் வதைபடுவது பழைய செய்தி. அதனை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதோ மிக அண்மையில்தான். 1860 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துச் சட்ட மருத்துவ அறிஞர் அம்புருவாசு தார்தியூ, வதைக்கு உள்ளான 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் 18 பேர் இறந்தவர்கள். அடித்தவர்களுள் பெரும்பாலோர் பெற்றோரே எனவும் அவர் சுட்டினார். அதனை அக்கால உலகம் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிட்டது.

எக்ஸ் கதிர்ப் படம் வந்தபின் உண்மை மறைந்திருக்க இயலவில்லை. 1946 ஆம் ஆண்டில் ஜான் காஃபி என்னும் அமெரிக்க மருத்துவர், மூளை உறைக்கடியில் இரத்தம் கசிந்த ஆறு கைக்குழந்தைகளின் கை கால் எலும்புகளில் முறிவுகளும் இருத்தலைக் கண்டு வெளியிட்டார். 1962 ஆம் ஆண்டில் ஹென்றி கெம்பி என்னும் குழந்தை மருத்துவரும் அவர்தம் துணைவரும் அடிபட்ட குழந்தையின் நோய்த் தொகுதி எனப் பெயரிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். 71 மருத்துவமனைகளிலிருந்து ஓராண்டில் அவர்கள் திரட்டிய 302 குழந்தைகளுள் 33 பேர் இறந்தனர். 85 பேருக்கு மூளையில் நிலையான சேதம் நேர்ந்தது. அக்கட்டுரை வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஐயுற்றால் தெரிவித்தல் கடமை என்னும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் தோன்றின.

இவ்வரலாற்றில் ஆசிரியர் கொள்ளத்தக்க படிப்பினை ஒன்றுண்டு. அம்மருத்துவர்கள் புதிதாகக் குழந்தைகளைக் காணவில்லை. அதே குழந்தைகளைத்தான் முன்னும் கண்டிருந்தனர். பெற்றோர் இவ்வாறு செய்வாரா என்னும் தயக்கமே கண்ணை மறைத்திருந்தது. அத்தயக்கம் இன்று நம் பள்ளிகளிலும் இல்லை எனச் சொல்ல இயலுமா?

நம் நாட்டில்

மலேசியாவில் 1985 ஆம் ஆண்டு கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில், வதைபட்டதாக ஐயுறப்படும் குழந்தைகளைக் கவனிப்பதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. குழந்தை மருத்துவர், மருத்துவ சமூகப் பணியாளர், சமூக நல இலாகா அலுவலர், காவல் துறையினர் எனப் பல துறையினரும் ஒருங்கு செயற்படும் முறை அங்ஙனம் தொடங்கியது. 1990 ஆம் ஆண்டில், மூன்று வயது நிரம்பாத ஒரு தமிழ்க் குழந்தை வதைபட்டு அம்மருத்துவமனையில் இறந்தது. நாடே அதிர்ந்தது. மறு ஆண்டிலேயே, 1991 இல், குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் இனத்துக் குழந்தை ஒன்றின் சாவு இந்நாட்டுப் பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரு சட்டத்தைத் தந்தது என்பதை நம் ஆசிரியர்கள் மறத்தலாகாது.

1995 ஆம் ஆண்டில் மலேசியா, ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 19 ஆம் விதி, பெற்றோரிடத்திலும் பிறரிடத்திலும் பிள்ளைக்கு உண்டாகும் எல்லா வன்முறைகளிலிருந்தும் அதனைக் காத்தல் அரசின் கடன் என்கிறது. 1991 ஆம் ஆண்டுச் சட்டமும் வேறு பழைய சட்டங்களும் 2001 ஆம் ஆண்டுச் சிறார் சட்டமாக ஒன்று திரட்டப்பெற்று, 2002 ஆகஸ்டு முதல் நாள் நடப்புக்கு வந்தன. பிள்ளையை வதைத்தோர்க்கு 20,000 ரிங்கிட் வரை தண்டமும் 10 ஆண்டு வரை சிறையும் என அதில் இருந்தது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை 50,000 ரிங்கிட், 20 ஆண்டு என உயர்த்தியது.

உடலில் தோன்றும் அடையாளங்கள்

விளையாடும் பிள்ளை விழாமல் இராது. விழுந்த பிள்ளைக்குக் காயம் படாமலும் இராது. ஆகவே, காயத்தைக் கண்டவுடன் வதை என முடிவு கட்டுதல் கூடாது. காயம் எங்கே உள்ளது, எவ்வடிவில் உள்ளது, எவ்வாறு வந்ததெனச் சொல்லப்படுகின்றது என்னும் மூன்றையும் சேர்த்து நோக்க வேண்டும்.

முதலாவது இடம். ஓடி விழும் பிள்ளைக்கு முழங்கால், முழங்கால் எலும்பின் முன்புறம், முழங்கை, நெற்றி, முகவாய் ஆகிய முன்துருத்திய இடங்களில் அடிபடும். காது, கழுத்து, கன்னத்தின் சதை, முதுகு, வயிறு, புட்டம், தொடையின் பின்புறம், மேற்கையின் உட்புறம் ஆகியவை விழுந்தால் எளிதில் அடிபடாத இடங்கள். இவ்விடங்களில் கன்றல் காணின் காரணம் வினவ வேண்டும். இன்னும் தவழவும் தொடங்காத கைக்குழந்தைக்குக் கன்றல் இருப்பின் அஃது எவ்விடத்ததாயினும் மருத்துவரிடம் காட்டத்தக்கதாம். நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் உடல், காது, கழுத்து ஆகியவற்றிலுள்ள கன்றலையும், நான்கு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் எந்தக் கன்றலையும் ஐயத்தோடு நோக்குக எனப் 2010 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மருத்துவர்களுக்கு விதி வகுத்தது. பாலர் பள்ளி ஆசிரியைகள் இதனை மனத்திற் கொள்வாராக.

இரண்டாவது வடிவம். அடித்த பொருள் தன் உருவத்தைத் தோலில் விட்டுச் செல்லும். ரோத்தான் அடி, நடுவே வெளிறி இருபுறமும் சிவந்த இணைகோடுகளாகத் தோன்றும். மடித்த மின்கம்பியோ கயிறோ வளைய வடிவில் பதியும். இடைவாரின் கொக்கி, துணி மாட்டும் கம்பி, விரல்கள் ஐந்தும் பதிந்த அறை ஆகியவையும் அவ்வாறே. சிகரெட்டுச் சூடு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் விளிம்பு தெளிந்த வட்டமாய் இருக்கும். வெந்நீர் தற்செயலாகக் கொட்டினால் தெறித்த திட்டுகள் இருக்கும். பிள்ளையின் கையையோ காலையோ வெந்நீரில் அமிழ்த்திப் பிடித்திருந்தால், கையுறையோ காலுறையோ அணிந்தாற்போன்று ஒரே கோட்டில் புண் நின்றுவிடும்.

மூன்றாவது சொல்லப்படும் கதை. காயத்திற்கும் கதைக்கும் பொருத்தமின்மை, இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகக் கதை மாறுதல், நடக்கவும் அறியாத தம்பி தள்ளிவிட்டான் எனல், காயம் பட்டு நாட்கள் கழிந்தும் மருத்துவரை நாடாமை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிளினிக்குக்குச் செல்லுதல் ஆகியன ஐயத்தை மிகுவிப்பன. காயம் ஆறும் வரை பள்ளிக்கு அனுப்பாதிருத்தலும் இவ்வகையினதே. வருகைப் பதிவேட்டைத் திருப்பிப் பார்க்கும் ஆசிரியருக்கு அது புலனாகும்.

கன்றலின் நிறத்தைக் கொண்டு, இது நேற்று பட்டது, அது போன வாரம் பட்டது எனச் சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. நிறம் மாறும் விரைவு ஆளுக்கு ஆளும் இடத்திற்கு இடமும் வேறுபடுதலின் அது நம்பத்தக்கதன்று என இன்று மருத்துவர்கள் தெளிந்துள்ளனர். கருநிறப் பிள்ளைகளின் தோலில் கன்றல் எளிதில் புலப்படாது என்பதையும் நாம் கருத வேண்டும். தொட்டால் பிள்ளை சுருங்குவதும், நாற்காலியில் முழுதாக உட்கார மாட்டாது விளிம்பில் அமர்வதும் சில போது கன்றலைவிடத் தெளிவாகப் பேசும்.

வதைபோல் தோன்றி வதையல்லாதனவும் உள. ஆசியக் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பின் கீழ் நீலத் திட்டுகள் இருக்கும். டெங்கிக் காய்ச்சலிலும், இரத்தம் உறையாத நோயிலும் தோலில் சிவப்புப் புள்ளிகளும் கன்றல்களும் தோன்றும். சிரங்குப் புண் சிகரெட்டுச் சூடுபோல் காட்சி தரும். மாந்தத்திற்குச் சூடு போடும் நாட்டு வழக்கத்தின் வடுவும் சில குடும்பங்களில் காணப்படலாம். அதுவும் குழந்தைக்குத் தீங்கே எனினும், அதன் நோக்கம் வேறு. இவற்றைப் பிரித்தறிவது மருத்துவர் தொழில். ஐயத்தை உரியவரிடம் சேர்ப்பதே ஆசிரியர் தொழில்.

நடத்தையில் தோன்றும் அடையாளங்கள்

காயம் ஆடைக்குள் மறையலாம், நடத்தை மறைவதில்லை. ஆசிரியர் கரும்பலகையைத் துடைக்கக் கையை உயர்த்தினாலே தலையைக் குனிந்து முகத்தை மறைக்கும் பிள்ளை; பள்ளி திறக்குமுன் வந்து, மணி அடித்த பின்னும் வீட்டுக்குப் போக மனமின்றிச் சுற்றித் திரியும் பிள்ளை; தேர்வு ஏட்டில் கையொப்பம் வாங்கி வரச் சொன்னால் நடுங்கும் பிள்ளை; பெரியவர் முகத்தையே வைத்த கண் வாங்காது நோக்கும் பிள்ளை; வயதுக்கு மீறி அடங்கி ஒடுங்கிய பிள்ளை; அல்லது தன்னினும் சிறியாரை ஓயாது அடிக்கும் பிள்ளை; நன்றாகப் படித்து வந்து திடீரெனப் பின்தங்கும் பிள்ளை; இவர்கள் எல்லாம் நம் கவனத்திற்கு உரியவர்கள்.

தோட்டப் பள்ளி ஒன்றில் பயிற்சி முடித்துப் புதிதாக வந்த ஓர் ஆசிரியை, இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் வெயில் கொளுத்தும் நாட்களிலும் நீளக் கைச் சட்டையைக் கழற்றாதிருத்தலைக் கவனித்தார். உடற்கல்விப் பாடத்தன்று மட்டும் அவனுக்கு வயிற்று வலி வரும். இவ்விரண்டையும் அவர் இணைத்துப் பார்த்தார்; யாரும் இல்லாத வேளையில், 'சட்டை சுடவில்லையா, ஐயா?' என்று மட்டும் கேட்டார். பையன் அன்று ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் தானாகவே வந்து கையைக் காட்டினான். அவ்வாசிரியை வேறொன்றும் கேளாமல் தலைமையாசிரியரிடம் சென்றார். முறைப்படி தெரிவிக்கப்பெற்று, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் அவன் பாட்டியின் பொறுப்பில் விடப்பட்டான். அவனது கணக்கு மதிப்பெண் உடனே உயரவில்லை, அதற்கு ஓராண்டாயிற்று. ஆயின், மறு மாதமே அவன் உடற்கல்விக்கு வந்துவிட்டான்.

விளைவுகள்

உடல்வதையின் விளைவு காயத்தோடு முடிந்துவிடுமாயின் காலம் அதனை ஆற்றிவிடும். அவ்வாறு முடிவதில்லை என்பதே அறுபது ஆண்டு ஆராய்ச்சியின் முடிபாகும்.

கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கினால், பெரிதான தலையும் வலுவற்ற கழுத்தும் உடைய அக்குழந்தையின் மூளை மண்டைக்குள் அலைந்து இரத்தக் குழாய்கள் அறும். விழித்திரையிலும் இரத்தம் கசியும். வெளியில் ஒரு கீறலும் இன்றியே குழந்தை இறக்கலாம். பிழைப்பின் பார்வை இழப்பு, வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியன தொடரலாம்.

வளர்ந்த பிள்ளைக்கு நேர்வது வேறு வகையினது. அச்சம் ஏற்படும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சில சுரப்பு நீர்களை வெளியிடுகின்றது. நெஞ்சு படபடக்கும், தசை இறுகும். ஆபத்து நீங்கியதும் அவை தணிய வேண்டும். அச்சமே அன்றாட வாழ்வானால் அவை தணிவதில்லை. நினைவையும் கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளின் வளர்ச்சி அதனால் பாதிக்கப்படுகின்றது. வகுப்பில் அப்பிள்ளை பாடத்தைக் கவனிக்கவில்லை என்கிறோம். உண்மையில் அது ஓயாது கவனித்துக்கொண்டுதான் இருக்கின்றது. ஆனால், பாடத்தையன்று, ஆபத்தை. அமெரிக்க உளவியலார் சேத் போலாக்கும் அவர்தம் துணைவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளியும் முகப்படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினர். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், படம் தெளியுமுன்னரே சினமுற்ற முகத்தை மற்றவர்க்கு முந்தி அறிந்துகொண்டனர். ஒரு பிள்ளை எழுத்துக்களைக் கற்குமுன் சினத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதினும் இரங்கத்தக்கது யாதுளது?

பிற்கால வாழ்வைப் பற்றி 1998 இல் ஃபெலிட்டி, ஆண்டா என்னும் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 9,508 பெரியவர்களிடம் அவர்தம் இளமைத் துன்பங்கள் வினவப்பட்டன. உடல்வதை, வீட்டில் குடிவெறி முதலிய துன்பங்களுள் நான்கும் அதற்கு மேலும் பட்டவர்களுக்கு, ஒன்றும் படாதவர்களைக் காட்டிலும் குடிப்பழக்கம், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுந்திருந்தது. இருதய நோய், புற்றுநோய் போன்ற உடல் நோய்களோடும் இளமைத் துன்பத்திற்குத் தொடர்பு காணப்பட்டது.

தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. இலங்கையின் வடகிழக்கில் போரும் கடற்கோளும் கண்ட 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் குறித்து 2008 இல் அது வெளியாயிற்று. குண்டுக்கும் கடலுக்கும் தப்பிய அப்பிள்ளைகளின் மனநோய்க்கு வீட்டினுள் படும் அடியும் ஒரு காரணமாய் இருந்ததையும், தந்தையின் குடிப்பழக்கம் அவ்வடியை மிகுவித்ததையும் ஆய்வாளர் கண்டனர். போரினும் வீடு கொடிதாதல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

'அடிபட்ட பிள்ளை நாளை அடிப்பவன் ஆவான்' எனச் சிலர் தலைவிதிபோல் சொல்வர். அது முழு உண்மையன்று. 1989 இல் காத்தி விடம் என்னும் ஆய்வாளர், வதைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான 908 பிள்ளைகளின் பிற்காலத்தை ஆராய்ந்தார். குற்றம் புரிதல் அவர்களிடையே மற்றவரைவிட மிகுதிதான். எனினும் அவர்களுள் பெரும்பாலோர் குற்றவாளிகள் ஆகவில்லை. ஹவாயைச் சேர்ந்த கவாய்த் தீவில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பார் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பச் சிதைவும் சூழப் பிறந்த பிள்ளைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் நல்லவராகவும் வல்லவராகவும் வளர்ந்திருந்தனர். அவர்களுக்கு, பெற்றோரல்லாத ஒரு பெரியவரின் நிலையான அன்பு கிடைத்திருந்தது. அப்பெரியவர் சிலர்க்குப் பாட்டியார், சிலர்க்கு ஆசிரியர்.

தோட்டத்திலும் நகரத்திலும்

ஜாசின் வட்டாரத்தில் மெர்லிமாவ், ரிம், அசகான் எனத் தோட்டங்கள் சூழ வாழ்ந்த நம் மக்களின் வாழ்க்கை முறை, சென்ற இரு தலைமுறைகளில் பெரிதும் மாறிவிட்டது. லயத்து வீடுகளின் நடுச் சுவர் பலகையாய் இருந்தது. ஒரு வீட்டில் பிள்ளை அலறினால் அடுத்த வீட்டுக் கிழவி ஓடி வந்து கையைப் பிடிப்பாள். தாய் பால்மரம் வெட்டப் போனால், ஆயாக் கொட்டகையில் குழந்தையைக் குளிப்பாட்டும் ஆயா அதன் முதுகைக் காண்பாள். அவ்வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்லவில்லை. கள்ளுக்கடையின் கொடுமையும், பெரட்டுக் களத்தில் பட்ட அவமானத்தை வீட்டில் தீர்த்துக்கொண்ட தந்தையரின் சினமும் அங்கும் இருந்தன. ஆயினும், காணும் கண்களும் கேட்கும் காதுகளும் இருந்தன.

இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. சுவர் கல்லாயிற்று, கதவுக்கு இரும்புச் சட்டமும் பூட்டும் வந்தன. தந்தை இரவு வேலையும் தாய் பகல் வேலையுமாகத் தொழிற்சாலைக்குச் செல்கின்றனர். பாட்டி வேறூரில் இருக்கின்றார். கடன், குடி, வேலையின்மை ஆகியன முன்போலவே உள. அவற்றால் எழும் சினத்தைத் தடுக்கும் அடுத்த வீட்டுக் கிழவி மட்டும் இல்லை. அவள் நின்ற இடத்தில் இன்று நிற்கக்கூடியவர் வகுப்பாசிரியர் ஒருவரே.

ஏழைக் குடும்பத்தில்தான் இது நிகழும் என்பதும் தவறு. வசதியும் படிப்பும் உள்ள வீட்டில், ஒரு மதிப்பெண் குறைந்ததற்காக இடைவாரால் அடிபடும் பிள்ளையும் உண்டு. அவ்வீட்டில் நற்பெயர் மிகுதியாதலின் ஐயமும் எளிதில் எழுவதில்லை.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

ஒரு பிள்ளை தானே வந்து சொல்லுமாயின், அமைதியாகக் கேட்க வேண்டும். முகத்தில் அதிர்ச்சியையோ அருவருப்பையோ காட்டலாகாது. 'நீ சொன்னது நல்லது. இதில் உன் குற்றம் ஒன்றுமில்லை' எனல் வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என வாக்குக் கொடுத்தல் கூடாது. ஏனெனில் அவ்வாக்கைக் காக்க இயலாது. அதனை மீறும்போது பிள்ளை மறுமுறை ஏமாற்றப்படும். 'அப்பாதானே அடித்தார்?' என விடையை வினாவிலேயே வைத்துக் கேட்கலாகாது. 'என்ன நடந்தது?' என்பதே போதும். துருவித் துருவிக் கேட்பதும், பல ஆசிரியர் கூடிச் சட்டையைக் கழற்றிப் பார்ப்பதும், கைப்பேசியில் படம் எடுத்துப் பலர்க்கு அனுப்புவதும் பிள்ளைக்கு மேலும் ஓர் வதையாம். பின்னர் வழக்கையும் கெடுக்கும்.

கண்டதையும் பிள்ளை சொன்னதையும் அன்றே, நாளும் நேரமும் இட்டு, பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வைத்தல் வேண்டும். தம் ஊகத்தை அதனொடு கலத்தல் கூடாது. உடனே தலைமையாசிரியரிடமும் ஆலோசக ஆசிரியரிடமும் தெரிவித்து, மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்கோ காவல் நிலையத்திற்கோ செய்தியைச் சேர்ப்பிக்க வேண்டும். 15999 என்னும் தாலியான் காசே தொலைபேசி எண்ணில் எந்நேரமும் எவரும் தெரிவிக்கலாம். காயம் கடுமையாயின் முதலில் மருத்துவமனை, மற்றவை பின்னர்.

நல்லெண்ணத்தால் பலர் செய்யும் ஒன்று மிகவும் ஆபத்தானது. தந்தையைப் பள்ளிக்கு அழைத்து, 'ஏன் இப்படி அடிக்கிறீர்கள்?' எனக் கேட்டு அறிவுரை கூறி அனுப்புவதே அது. அவர் தலைகுனிந்து சென்றுவிடுவார். அன்றிரவு, 'வாத்தியாரிடம் போய்ச் சொன்னாயா?' என்னும் வினாவோடு அவ்வறிவுரையின் பயனைப் பிள்ளையே அனுபவிக்கும். அதன் பின் அப்பிள்ளை எவரிடமும் வாய் திறவாது. சான்று தேடுதலும் பெற்றோரை விசாரித்தலும் அதற்கென அதிகாரம் பெற்றோர் பணி.

'பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய் இல்லத்தில் அடைத்துவிடுவார்களே' என்னும் அச்சம் நம்மவரிடம் பெரிதும் உண்டு. சட்டத்தின் ஒழுங்கு அத்துணை எளிதன்று. சிறாரைத் தற்காலிகப் பொறுப்பில் எடுக்கும் பாதுகாப்பு அலுவலர், 24 மணி நேரத்திற்குள் அச்சிறாரைச் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். நீதிமன்றம், உறுதிமொழி பெற்றுக்கொண்டு பெற்றோரிடமே விடலாம், மேற்பார்வை விதிக்கலாம், தகுதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், பாதுகாப்பு இல்லத்திற்கும் அனுப்பலாம். பாட்டியோ சிற்றப்பாவோ ஏற்க முன்வரும் பிள்ளைக்கு அவ்வழியும் திறந்தே உள்ளது.

'சட்டம் ஆசிரியரைக் கட்டாயப்படுத்துகின்றதா?' எனச் சிலர் வினவுவர். 2001 ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது, 27, 28, 29 ஆம் பிரிவுகள் முறையே மருத்துவர், குடும்பத்தினர், குழந்தை பராமரிப்போர் ஆகிய மூவகையினர்க்கு அக்கடமையை விதித்தன. தகவல் தருவோரின் பெயர் வெளிப்படாமல் காக்கவும் அதில் இடமுண்டு. எவரும் தெரிவிக்கலாம் என்னும்போது, கட்டாயம் உண்டா இல்லையா என ஆசிரியர் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருத்தல் அழகன்று.

நம் கையிலுள்ள பிரம்பு

இறுதியாக, பிறர் வீட்டை நோக்கும் நாம் நம் வகுப்பையும் நோக்க வேண்டும். 1959 ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள், மாணவியரைப் பிரம்பால் அடித்தலை அறவே விலக்கின. மாணவர்க்கும் தலைமையாசிரியரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மட்டுமே அத்தண்டனை அளிக்கலாம் என்றன. விதி இங்ஙனம் இருக்க, எத்தனை வகுப்பறைகளில் பிரம்பு கணக்கின்றிப் பேசியது என்பதை நாம் அறிவோம். தாய்த்தமிழகம் உள்ளிட்ட இந்திய நாட்டில் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் விலக்கிவிட்டது. சுவீடன் நாடோ 1979 லேயே வீட்டிலும் அடித்தலை விலக்கியது.

அடியால் பயனுண்டா என்பதற்கும் விடை கிடைத்துள்ளது. 75 ஆய்வுகளை, 1,60,927 பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை, ஒன்றுதிரட்டி 2016 இல் கெர்ஷாஃப் என்பார் வெளியிட்டார். கையால் புட்டத்தில் அடித்தல் என்னும் எளிய தண்டனைகூட, முரட்டுத்தனம், மனக்கலக்கம், பெற்றோரோடு உறவுக்கேடு ஆகியவற்றோடு தொடர்புடையதாய்க் காணப்பட்டதேயன்றி, நற்பண்போடு தொடர்புடையதாய்க் காணப்படவில்லை. அஃதொருபுறம் இருக்க, நாம் இங்குக் கருதுவது வேறொன்று. வீட்டில் அடிபடும் பிள்ளை பள்ளியிலும் பிரம்பைக் கண்டால், பெரியவர் எல்லாரும் ஒரே கூட்டம் என்று எண்ணிக்கொள்ளும். அவ்வாறு எண்ணிய பிள்ளை நீளக் கைச் சட்டையை நம் முன் கழற்றாது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளித் தவணையின் முதல் வாரத்தில் ஆசிரியர் கூட்டத்தில் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். மேற்கூறிய அடையாளங்களை ஒரு தாளில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் 15999 என்னும் எண்ணையும் அதன் அடியில் எழுதுங்கள். எந்தப் பிள்ளை எந்த ஆசிரியரிடம் மனம் விட்டுப் பேசும் என வகுப்புதோறும் கேட்டறியுங்கள். எவரிடமும் பேசாத பிள்ளை என ஒரு பெயர் பட்டியலில் எஞ்சி நிற்குமாயின், முதலில் கவனிக்க வேண்டிய பிள்ளை அதுவே.